உயிரோடிருப்பவருக்கு ஒரு சாவு நோட்டீஸ்

புர்காஸ் துறைமுகம்
1919 நவம்பர் 12

மாண்புமிகு முன்னாள் அமைச்சர் தோப்ரி கராஸ்தோயனோவ் அவர்களுக்கு,

என் மரணத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். தாமதமாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். எனக்கே நேற்றுதான் தெரிந்தது.

பிரெஞ்சுக்காரர்களின் கைதி முகாமிலிருந்து எங்களைக் கப்பலேற்றி இங்கே இறக்கிவிட்டார்கள். நம் ஆட்கள் எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பார்கள், யார் யார் போய்ச்சேர்ந்தார்கள் என்று. நானும் பார்த்தேன். சுங்கச் சாவடிச் சுவரில், கறுப்பு பார்டர் போட்டு, சிலுவைக்குக் கீழே என் பெயர். 'மூன்றாம் ஆண்டு நினைவு. செர்னா ஆற்று வளைவில் வீரமரணம் எய்திய கேப்டன் வெலிசார் கராஸ்தோயனோவ்.' என் ரெஜிமெண்ட் ஊர் என்பதால் இங்கேயும் ஒட்டச் சொல்லியிருக்கிறீர்கள். நல்ல தடிமனான தாள். ஈரக்காற்றிலும் ஓரம் மடங்கவில்லை.

என் பழைய சார்ஜென்ட் மிந்த்சோ இங்கே துறைமுகத்தில் மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். செர்னாவில் ஒரு கை போய்விட்டது. கடை வாசலில் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டான். பிறகு, "செத்தவங்களுக்கெல்லாம் சூப் ஊத்துறதில்ல கேப்டன், கடைக்கு ஆகாது" என்று சொல்லிக்கொண்டே பெரிய கிண்ணம் நிறைய ஊற்றினான். ஊற்றும்போது அழுதான்.

நான் நோட்டீஸைப் பற்றிக் கேட்டேன். கீழே 'துயருறும் தந்தை' என்று மட்டும் இருக்கிறதே, அம்மா எங்கே என்று. அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். "போன வருஷம் ஏப்ரல்ல, கேப்டன். அவங்க நோட்டீஸும் அதே சுவர்லதான் இருந்துச்சு. மழையில போயிருச்சு."

இப்போது என் கேள்வி. 1917 குளிர்காலத்தில் முகாமுக்கு எனக்கு ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே உங்கள் கோட்டு, நரித்தோல் காலர் வைத்தது. இடது பாக்கெட்டில் சிகரெட் சுட்ட ஓட்டை. அது நான் சின்ன வயதில் திருட்டுத்தனமாகப் புகைத்தபோது விழுந்த ஓட்டை. அதற்கு நீங்கள் விட்ட அறையும் நினைவிருக்கிறது. ஆக, அந்தக் குளிர்காலத்தில் உங்களுக்குத் தெரியும், நான் இருக்கிறேன் என்று. அதற்கு அடுத்த வசந்தத்தில்தான் அம்மா செத்திருக்கிறாள்.

அவளிடம் சொன்னீர்களா?

வெலிசார்


செவ்லியேவோ
1919 நவம்பர் 21

மகனே,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுதேன். நீ நம்பமாட்டாய், அது உன் குணம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். நான் பொய் சொல்லவில்லை. 1916 இலையுதிர் காலத்தில் ராணுவத்திலிருந்து தந்தி வந்தது. பின்வாங்கும் கம்பெனியைக் காப்பாற்ற நீ ஒற்றை ஆளாக இயந்திரத் துப்பாக்கியோடு பின்தங்கினாய், விழுந்தாய், உடல் கிடைக்கவில்லை என்று. உனக்கு வந்த இரண்டாவது வீரச் சிலுவையை வெல்வெட் தலையணையில் வைத்து என் கையில்தான் கொடுத்தார்கள். மந்திரி மகன் தலைநகரில் மேசையில் உட்கார்ந்திருக்கலாமே என்று எல்லோரும் சொன்னபோது காலாட்படைக்குத்தான் போவேன் என்று போனவன் நீ. எனக்கு அதில் எவ்வளவு கோபம், எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. மறுவாரம் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு நாடாளுமன்றத்தில் எழுந்து நின்றேன். "நான் என் மகனைக் கொடுத்துவிட்டேன். சமாதானம் பேசுகிறவர்கள் எதைக் கொடுத்தார்கள்?" என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வியால்தான் மறுபடி அமைச்சரவையில் உட்கார்ந்தேன், மறைக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து முகாமிலிருந்து உன் தபால் அட்டை வந்தது. நான் என்ன செய்வது? அதே சபையில் எழுந்து, மன்னியுங்கள், என் மகன் சாகவில்லை, எதிரியிடம் பிடிபட்டு ரொட்டி தின்றுகொண்டிருக்கிறான் என்று சொல்வதா? ஆயிரம் தாய்மார்கள் உன் பெயரைச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். இங்கே பள்ளிக்கூடத்துக்கே உன் பெயர் வைத்தாயிற்று.

உன் அம்மாவிடம் சொல்லவில்லை. அவளிடம் ரகசியம் தங்காது. சந்தோஷம் தாங்காமல் தலையில் துணிகூடப் போடாமல் தெருவில் ஓடியிருப்பாள். ஆனால் உன்னை நான் குளிரில் விடவில்லை. என்னிடமிருந்த நல்ல கோட்டு அது ஒன்றுதான். உன் அம்மா ரய்னா அதைத் தேடினாள். ஒரு பிச்சைக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். "நல்லது பண்ணீங்க. பாவம், அவனுக்காவது குளிராது" என்றாள். அவள் மனம் அப்படி.

இப்போதைய நிலைமை உனக்குத் தெரியாது. போரை நடத்திய மந்திரிகளை இந்தப் புது அரசாங்கம் ஒவ்வொருவராகப் பிடித்து உள்ளே தள்ளுகிறது. போன வாரம் ஒரு போலீஸ் அதிகாரி நம் வீட்டு கேட் வரை வந்தான். கேட்டில் ஒட்டியிருந்த உன் நோட்டீஸைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிப் போனான். எனக்கும் சிறைக்கும் நடுவில் நிற்பது அந்தத் தாள் ஒன்றுதான்.

அதனால் கேட்கிறேன். வசந்தத்தில் தேர்தல் வரும் என்கிறார்கள். அதுவரை வெளியே தலை காட்டாதே. வியன்னாவில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அங்கே போய் இரு. பிறகு உனக்கு ஒரு நல்ல வழி செய்கிறேன்.

இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

அப்பா


புர்காஸ்
1919 டிசம்பர் 9

ஐயா,

உங்கள் கடிதத்தை எரிக்கவில்லை. மிந்த்சோவுக்குப் படித்துக் காட்டினேன். பிச்சைக்காரன் இடம் வந்ததும் அவன் எழுந்து வெளியே போய்விட்டான். திரும்பி வந்து, "கேப்டன், உங்க அப்பாவை நான் ஒரே ஒரு தடவை பார்க்கணும். ஒரு கை போதும்" என்றான்.

ஓடட்டுமே. தலையில் துணி இல்லாமல் ஓடட்டுமே. ஊர் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடட்டுமே. அதைத் தடுக்கத்தானே அவளைக் கொன்றீர்கள்? மார்ச்சளி என்று எழுதியிருப்பார்கள். மிந்த்சோ போன வருடம் அம்மாவின் அடக்கத்துக்கு அங்கே வந்திருக்கிறான், அந்த ஒற்றைக் கையோடு. பாதிரியார் அவனிடம் சொன்னாராம். வெறும் பெட்டியைப் புதைத்த என் கல்லறையில் ஒவ்வொரு வாரமும் ஒயின் ஊற்றிப் பார்த்துவிட்டு அம்மா சொல்வாளாம்: "சாமி, இந்த மண்ணு குடிக்க மாட்டேங்குது. என் புள்ள இங்க இல்ல." அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பாள். அந்த ஒரு சொல்லைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அவளோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

ரெஜிமெண்ட் அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா என் முகத்தைப் பார்க்காமலே, "அவரு செத்துட்டாருங்க. அவங்க அப்பாவே கையெழுத்துப் போட்டிருக்காரு" என்றான். நான்தான் அவர் என்றேன். "இந்த மாசத்துல நீங்க ரெண்டாவது ஆளுங்க" என்றான்.

எனக்கு வியன்னா வேண்டாம். எனக்கு வேண்டியது ஒன்றுதான். பிப்ரவரி பதினான்கு, இறந்தோர் சனிக்கிழமை. ஊரே வேகவைத்த கோதுமையும் ஒயினும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். அன்று எல்லோர் முன்னாலும் அம்மாவின் கல்லறையில் ஒயினை ஊற்றி, "ரய்னா, நம் மகன் உயிரோடு இருக்கிறான்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். அவ்வளவுதான். அவள் இப்போது அங்கே செத்தவர்கள் நடுவில் என்னைத் தேடிக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு சிப்பாயின் முகத்தையும் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த அலைச்சலை நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

சொல்லாவிட்டால் உங்களைச் சும்மா விடமாட்டேன். இரண்டு போரில் நான் சொன்னதைச் செய்யாமல் விட்டதில்லை.

வெலிசார்


செவ்லியேவோ
1920 ஜனவரி 6

வெலிசார்,

என்னை மிரட்டியவர்கள் நிறையப் பேர். அவர்களில் பாதிப் பேரின் அடக்கத்தில் நான்தான் இரங்கல் பேசியிருக்கிறேன்.

நீ கேட்பதைச் செய்தால் அன்று மாலையே கைவிலங்கு. அது தெரிந்துதான் கேட்கிறாய். இறந்தோர் சனிக்கிழமையில் நான் வழக்கம்போல் உன் கல்லறையில் பேசுவேன். பேச்சு தயார்.

நீ என்ன செய்துவிடுவாய்? பத்திரிகைக்காரர்களிடம் போவாயா? போரில் செத்த ஆள் நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இந்த நாட்டில் ஊருக்கு நாலு பேர். அப்படியே நம்பினாலும் அடுத்த கேள்வி என்ன தெரியுமா? பிடிபட்டபோது கேப்டனின் கைகள் எங்கே இருந்தன, மேலேயா கீழேயா? தொடையில் குண்டு, மயக்கம் என்று நீ சொல்வாய். நான் நம்புவேன். ஊர் நம்பாது. செத்தவனாக உனக்கு இருக்கும் மரியாதை உயிரோடு வந்தால் ஒரு வாரம்கூட நிற்காது. உன் நல்லதுக்கும்தான் சொல்கிறேன்.

நம் ஊர்க்காரர்களை உனக்குத் தெரியும். ஒட்டிய சாவு நோட்டீஸை ஒருவனும் கையால் தொடமாட்டான். கிழித்தால் அடுத்த சாவு அவன் வீட்டில் என்று பயம். மழையும் வெயிலும்தான் எடுக்க வேண்டும். உன் மரணம் இந்த ஊரில் எல்லாச் சுவரிலும் இருக்கிறது மகனே. அதை உன்னால் கிழிக்க முடியாது.

அப்பா


கப்ரோவோ போகும் வழியில், சத்திரம்
1920 பிப்ரவரி 14

அப்பா,

இறந்தோர் சனிக்கிழமை நன்றாக நடந்ததா? பேச்சு நீளமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நீளம் எங்களுக்கு உதவியாக இருந்தது.

சுவர்களைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு நன்றி. எனக்கு அது தோன்றியிருக்காது.

முந்தின நாள் கராபெத்தின் அச்சுக்கூடத்துக்குப் போனேன். நம் ஊர்ச் சாவெல்லாம் அச்சடிக்கும் அந்த ஆர்மீனியக் கிழவர் என்னைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பயப்படவில்லை. "உக்காருங்க. உங்க பேரு கோத்த அச்சை நான் இன்னும் கலைக்கவே இல்ல. வருஷா வருஷம் வேணும்னு உங்க அப்பா சொல்லிட்டாரு" என்றார். நான் எனக்கு வேண்டியதை எழுதிக் கொடுத்தேன். உயிரோடிருக்கும் ஒருவருக்கு இதை அடிப்பீர்களா என்று கேட்டேன். "ஏன், இத்தனை வருஷமா உங்களுக்கு அடிச்சேனே, அது என்ன கணக்கு?" என்றார். எழுத்துகளை எடுத்துக் கோத்துக்கொண்டே சொன்னார்: "துருக்கியில எங்க வீட்ல செத்துப்போனவங்களுக்கு ஒரு நோட்டீஸ்கூட ஒட்ட முடியல தம்பி, ஒட்டறதுக்குச் சுவரே மிச்சமில்ல. இவரு இருக்கிற பிள்ளைக்கு ஒட்றாரு."

இன்று காலை ஊர் முழுக்கக் கோதுமைக் கிண்ணங்களோடு கல்லறை மேட்டில் இருந்தது. நானும் மிந்த்சோவும் பசை வாளியோடு நல்ல வெளிச்சத்தில் நடந்தோம். தெருவில் கோழிகள்தான் எங்களைப் பார்த்தன. அவன் ஒற்றைக் கையால் பசை தடவினான், நான் ஒட்டினேன். சந்தையில், மணிக்கூண்டில், என் பெயர் வைத்த பள்ளியில், தேவாலயக் கதவில். கடைசியாக நம் வீட்டு கேட்டில், என்னுடையதற்கு மேலேயே.

சின்ன வயதில் உங்கள் தேர்தல் நோட்டீஸ் ஒட்டக் கூட்டிப்போவீர்கள். சுருக்கம் விழாமல் நடுவிலிருந்து வெளியே தடவ வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான். ஒரு சுருக்கம் இல்லை.

வெலிசார்


செவ்லியேவோ
1920 பிப்ரவரி 21

உனக்கு,

'செப்டம்பர் 1917-இல், தன் மகன் உயிரோடிருப்பதை அறிந்து அதை மறைத்த நாளில், நம்மை விட்டுப் பிரிந்த தோப்ரி கராஸ்தோயனோவ். இதைத் தெரிந்துகொள்ளாமலே அவருக்கு முன்னால் போய்விட்டார் அவர் மனைவி ரய்னா. இவண், துயருறும் மகன் கேப்டன் வெலிசார், உயிருடன்.' எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஆகாமல் என்ன செய்யும்?

கல்லறைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த கூட்டம் மணிக்கூண்டருகே நின்றுவிட்டது. நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். யாருக்கு நோட்டீஸ் என்று நானே ஆவலோடு எட்டிப் பார்த்தேன். அதுவும் உனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும்.

வண்டிக்காரனை அழைத்துக் கிழிக்கச் சொன்னேன். "நம்மால ஆகாதுங்க, வீட்ல புள்ளகுட்டி இருக்கு" என்றான். நகராட்சிக் காவலாளி ஓடியே போய்விட்டான். பாதிரியார் கைகளைக் கட்டிக்கொண்டார். கடைசியில் நானே சமையல் கத்தியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சுரண்டினேன். எழுபது வயதில், மந்திரியாக இருந்தவன், என் சாவை நானே நகத்தால் பிய்த்துக்கொண்டு. பின்னாலேயே ஊர் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை. வெங்காயத் தாள் விற்கும் கிழவி ஒருத்தி என் கையில் ஒரு கரண்டி கோதுமையை வைத்து, என் முகத்துக்கு நேரே, செத்தவர்களுக்குச் சொல்வதுபோல், "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்றாள். நான் தின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

நன்றாக ஒட்டியிருக்கிறாய். நம் கேட்டில் என்னுடையதைச் சுரண்டும்போது அடியிலிருந்த உன்னுடையதும் கூடவே உரிந்து வந்துவிட்டது. மறுநாள் அதே போலீஸ் அதிகாரி வந்தான். வெறும் கேட்டைப் பார்த்தான். இந்தத் தடவை தொப்பியைக் கழற்றவில்லை. ஒரு வாரம் அவகாசம் கொடுத்திருக்கிறான், என் வயதுக்காக. நாளை சோஃபியாவுக்குக் கொண்டுபோகிறார்கள்.

ஆனால் ஒன்று. நீ கேட்டது உனக்குக் கிடைக்கவில்லை. ரய்னாவிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. இந்த உலகத்தில் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு செத்தது அவள் ஒருத்திதான். அதையும் உனக்குத் தரமாட்டேன்.

தோப்ரி கராஸ்தோயனோவ்


சோஃபியா, மத்தியச் சிறை
1920 நவம்பர் 17

வெலிசார்,

எத்தனை தடவை எழுதிக் கிழித்தேன் என்று தெரியவில்லை. இதை அனுப்பிவிடுவேன்.

ராணுவக் குழு உன்னை விசாரித்து, குற்றமில்லை என்று சொல்லி, அந்தச் சிலுவையை உன் நெஞ்சிலேயே குத்தியது என்று பத்திரிகையில் படித்தேன். அந்தத் துண்டை வெட்டி வைத்திருக்கிறேன். நான் சொன்னது தப்பு, ஊர் நம்பியிருக்கிறது.

இங்கே சுவரெல்லாம் ஈரம். மற்ற மந்திரிகளுக்கு வியாழக்கிழமைகளில் மகன்கள் வருகிறார்கள். வறுத்த மிளகாய், பாலாடைக்கட்டி, கம்பளி. வாசலில் பெயர் கூப்பிடும்போது எல்லோரும் எழுந்து நிற்போம், நானும் நிற்பேன். போன வாரம் புதிதாக வந்த காவலாளி ஒருவன், கிராமத்துப் பையன், என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "ஐயாவோட மகன் போர்ல செத்துட்டாருல்ல? எங்க ஊர்ச் சுவர்லகூடப் பார்த்திருக்கேன்" என்றான். அறை முழுக்க ஆட்கள், பழைய அமைச்சரவையே இருந்தது. நான் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன்: "என் மகன் உயிரோடு இருக்கிறான்."

முதல் தடவையாக ஆட்கள் முன்னால் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அப்புறம் ஏங்க வரமாட்டேங்கறாரு?" என்றான். எல்லோரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். நாற்பது வருடம் மேடையில் பேசியவன், வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் அம்மாவிடம் இங்கிருந்து சொல்ல முடியாது. நீ மேட்டுக்குப் போய்ச் சொல்லிவிடு. நான் சொல்லச் சொன்னேன் என்று சொல். இருமல் அதிகமாகிவிட்டது. ஒரு வியாழக்கிழமை வா. பேச வேண்டாம், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றால் போதும். இருக்கிறாய் என்று தெரிந்தும் பார்க்க முடியாமல் இருப்பது என்னவென்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அப்பா


புர்காஸ்
1920 டிசம்பர் 2

அப்பா,

நீங்கள் கடைசி வரியில் எழுதியதை அம்மாவால் எழுத முடிந்ததில்லை. இருக்கிறேன் என்று தெரிவதுகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்கு அந்தப் பாதியாவது கிடைத்திருக்கிறது. வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டுக்குப் போனேன். ஒயின் ஊற்றினேன். என் வாயால் எதுவும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவளிடம் நேரில் போய்ச் சொல்லும் நாள் உங்களுக்கு வரும், அப்போது சொல்லுங்கள். அதுவரை அவள் தேடிக்கொண்டிருப்பாள் என்பதை இருமலுக்கு நடுவில் நினைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை வரமாட்டேன். எந்த வியாழக்கிழமையும் வரமாட்டேன். நான் நன்றாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், மிந்த்சோவின் கடையில் மாலையில் சீட்டு ஆடுகிறேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். பெயர் கூப்பிடும்போது எழுந்து நில்லுங்கள்.

அந்த நரித்தோல் காலர் கோட்டை இன்று அனுப்பியிருக்கிறேன். சிறைச் சுவர் ஈரமென்றால் என்னவென்று எனக்குத் தெரியும். முகாமில் அது இல்லாவிட்டால் நான் செத்திருப்பேன், அதையும் மறக்கவில்லை. யாருக்கு என்று மிந்த்சோ கேட்டான். ஒரு பிச்சைக்காரனுக்கு என்றேன். பாக்கெட் ஓட்டையை அவன் மனைவி தைக்க வந்தாள், வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

தபால் நிலையத்தில் புதுக் குமாஸ்தா. பார்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அனுப்புறவரு பேரு போடலையே சார், போடணும்" என்றான்.

காலியாகவே இருக்கட்டும் என்றேன். "அவரு செத்து நாலு வருஷமாச்சு. சந்தேகம்னா வாங்குறவரைக் கேளுங்க, சாவுக்குக் கையெழுத்துப் போட்டதே அவருதான்."

வெலிசார்